நாய்க்கணக்கு

ஆனி கடைசியில்
மாத்தளைக் கச்சேரியில் எனக்கொரு புதுப் பேரேடு வந்தது.
தோல் அட்டை, நீலக் கோடு, ஐந்து பத்தி:
ஊர். உடையவன் பெயர். துவக்கு. வண்டி. நாய்.
துவக்குக்கு இரண்டரைச் சிலிங்.
நாய்க்கு ஒன்று.
"குட்டிகளுக்கு?" என்று கேட்டேன்.
துரை யோசிக்கவில்லை. "எண்ணு" என்றார்.

நான் சுவாம்பிள்ளை, பருத்தித்துறையான்.
துரைக்கு என் பெயர் சாம்.
சிங்களத்தில் கேட்டு, தமிழில் கூட்டி,
இங்கிலீசில் எழுதுகிறவன்.
மூன்றிலும் வாய் கூசியது
முதல் வீட்டு வாசலில்.

உக்குராலாவின் முற்றத்தில் ஒன்று படுத்திருந்தது,
அவன் பாதத்தைத் தலையணையாக்கி.
"யாருடையது?"
"தெரியாது மாத்தையா. மழைக்கு ஒதுங்கியது."

டிங்கிரி மெனிக்கா வீட்டில் மூன்று.
மூன்றும் பக்கத்து வீட்டுடையவை.
பக்கத்து வீட்டில் கேட்டால்
மூன்றும் காட்டுடையவை.
காடு யாருடையது என்று நான் கேட்கவில்லை.
அதை எப்போதோ வேறொரு பேரேட்டில் எழுதி,
மரத்தை வெட்டி,
கோப்பி நட்டாயிற்று.

சந்தைத் தெருவில் மீராலெப்பையின் வண்டி
அச்சு கழன்று கிடந்தது.
"சில்லு இல்லாதது வண்டியா, கணக்கப்பிள்ளை?
உங்கள் சட்டத்தில் பாருங்கள்."
பார்த்தேன். சட்டத்தில் சில்லைப் பற்றி ஒன்றுமில்லை.
சில்லு இரண்டும்
வைக்கோல் போருக்குள்ளிருந்து என்னை எட்டிப் பார்த்தன.

பத்து ஊர். அத்தனையும் மான் அடித்துத் தின்னும் ஊர்.
துவக்குப் பத்தியில் பத்துப் பூச்சியம்.
துரை அதைத் தடவிப் பார்த்து
அமைதியான ஜனங்கள் என்றார்.

தோட்டத்து லயத்தில் ஒச்சாயி என்றொருத்தி,
ராமநாதபுரத்துப் பேச்சு,
நடந்து வந்த வழியில் புருசனைப் பேதிக்குக் கொடுத்தவள்,
மறித்து நின்று கேட்டாள்:
"நாய்க்கு ஒரு சிலிங்குன்னா
செத்த ஆளுக்கு எவ்வளவு சாமி போட்டிருக்கு?"
அதற்குப் பத்தி இல்லை.
பேனாவை மைக்கூட்டில் விட்டு எடுத்தேன்.
விட்டு எடுத்தேன்.

திரும்புகையில் ஒன்று என் பின்னால் வந்தது.
பழுப்பின் மேல் கறுப்புக் கோடுகள், கழுத்திலிருந்து வால்வரை.
என் பாஷையில் அதற்கும் வரி என்றுதான் பெயர்.
எழுதுவதும் வரி, இறுப்பதும் வரி,
இதன் முதுகில் ஆண்டவர் போட்டதும் வரி.
முன்கூட்டியே கட்டிவிட்டு வந்திருக்கிறது, பார்.
கல்லெறிந்தேன்.
கல்லை மோந்து பார்த்துவிட்டு வந்தது.
ராத்திரி என் பாயோரம் படுத்து
கனவில் எதையோ துரத்தியது.

ஆடி பிறந்தது.
கச்சேரி வாசலில் ஆட்கள் கூடினார்கள்.
முதல் நாள் முப்பது பேர். அப்புறம் நான் எண்ணவில்லை,
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றாலும்.
ஒருவரும் கத்தவில்லை. வெற்றிலை மென்றபடி நின்றார்கள்.
ஆறு நாள் ரோட்டுக்குக் கல் உடைக்க வேண்டுமாம்,
பிக்குவும் உடைக்க வேண்டுமாம் என்று
யாரோ மெல்லச் சொன்னது மட்டும்
கூட்டத்துக்குள் காலாற நடந்துகொண்டிருந்தது.

துரை வெளியே வந்தார்.
படியில் குறுக்கே அந்த நாய்.
சப்பாத்து முனையால் தொட்டு,
"யாருடையது இது, சாம்?"

கூட்டம் என் வாயைப் பார்த்தது.
உக்குராலா முன்வரிசையில், காலடியில் நாயில்லாமல்.
படியில் வால் ஒருமுறை தட்டியது,
எனக்காகத்தான்.

என் பெட்டியில் சிலிங் இருந்தது.
ஒன்றல்ல, நாலு இருந்தது.

"தெரியாது துரை" என்றேன்.
"மழைக்கு ஒதுங்கியது."

அன்று மாத்தளையில் நல்ல வெயில்.
பின்வரிசையிலிருந்து முதலில் சிரித்தது
மீராலெப்பை போலிருந்தது.